‘கட்டுபடியாகாது’ என்று எழுதுவதற்கு முன்

பழைய ஓவன் கிரிஸ்டலைத் திறந்து பழுதுபார்ப்பது வீண்வேலை என்ற எண்ணம் நம் எலக்ட்ரானிக்ஸ் வட்டாரத்தில் ஊறிப்போய்விட்டது. கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், தொலைத்தொடர்புக் கோபுரத்தின் பராமரிப்பு அதிகாரி, அளவீட்டுக் கருவி விற்கும் ஏஜென்ட் என மூன்று பேரும் மூன்று காரணம் சொல்வார்கள், முடிவு மட்டும் ஒன்றாக இருக்கும். ஜிபிஎஸ் வானத்திலிருந்து இலவசமாக நேரத்தைக் கொட்டுகிறது, பிறகு இது எதற்கு என்பார் ஒருவர். சீல் வைத்த பெட்டி, உள்ளே கைவைக்க முடியாது என்பார் இன்னொருவர். கைவைத்தாலும் கூலி கட்டுபடியாகாது என்பார் மூன்றாமவர். ஆகவே அந்தக் கிரிஸ்டல் உள்ளே இருக்கும் பழைய ஃப்ரீக்வென்ஸி கவுன்ட்டரைக் கண்டம் செய்து ஏலத்தில் தள்ளு, புதிது வாங்கு. அரக்கோணத்தில் கருவி பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த மூன்றும் காது புளித்துப்போன பேச்சு. முதல் இரண்டும் முழுத் தவறு. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்தணி மாதிரிக் கோயில் ஊர்களில் மாலையாக விற்கிறார்களே ஸ்படிகம், அது அசல் என்றால் வேதியியல்படி குவார்ட்ஸ்தான். 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் இதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் கல் நெளியும் என்பது அதன் மறுபக்கம். குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட தடிமனில் அறுத்த தகடு தனக்கென்று ஒரே வேகத்தில் அதிரும். ஓசூரில் டைட்டன் செய்யும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு கவைத்துண்டு. அந்தத் துண்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. 25 டிகிரியில்தான் அது சரியாக ஓடும், அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். இரவும் பகலும் 40 டிகிரியில் கிடந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 20 நொடி பின்தங்கிவிடும். கையில் கட்டியிருக்கும்போது அவ்வளவு கெடாததற்குக் காரணம், உடம்பின் சூடு அதை ஓரளவு ஒரே வெப்பத்தில் வைத்திருப்பது.

ஓவன் கிரிஸ்டல் இதையே வேண்டுமென்று செய்கிறது. 10 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஒரு கோடி முறை அதிரும் தகட்டை ஒரு சின்ன உலோக அறைக்குள் வைத்து, ஹீட்டரும் தெர்மிஸ்டரும் கொண்டு 80 டிகிரிக்குச் சற்று மேலே நிலையாக நிறுத்துகிறார்கள். ஏன் அவ்வளவு சூடு? ஓவனால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. வெளியே எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே அதைவிடச் சூடாக இருக்க வேண்டும். மே மாதத்து அரக்கோணத்தில் மூடிய ராக்கின் உள்ளே கைவைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. எஸ்சி வெட்டு என்ற கோணத்தில் அறுத்த தகட்டுக்கு அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திரும்புமுனை இருக்கிறது. வெப்பம் லேசாக ஏறினாலும் இறங்கினாலும் அங்கே அதிர்வெண் அசையாது. எழுபதுகளின் நடுவில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த கோணம் அது. ஹியூலட் பேக்கர்டின் 10811 முதல் இன்றைய செல்போன் கோபுரங்களின் பல ஓவன்கள் வரை அதன்மேல்தான் நிற்கின்றன.

இப்போது முதல் வாதம், ஜிபிஎஸ் போதுமே என்பது.

ஜிபிஎஸ் ரிசீவர் நமக்குத் தருவது நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு ஒவ்வொரு முறையும் சில பத்து நானோநொடி முன்னேயோ பின்னேயோ விழும். ஒரு நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் அற்புதமான துல்லியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நொடிக்குள் பார்த்தால் 30 நானோநொடி ஆட்டம் என்பது ஒரு கோடிக்கு 0.3 தவறு. நல்ல ஓவன் கிரிஸ்டல் அதே ஒரு நொடியில் இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அமைதியாக இருக்கும். அதனால்தான் ‘ஜிபிஎஸ் கடிகாரம்’ என்று விலைக்கு வரும் நல்ல பெட்டி எதைத் திறந்தாலும் நடுவில் ஓர் ஓவன் கிரிஸ்டலோ ருபிடியமோ உட்கார்ந்திருக்கிறது. வெளியே வரும் 10 மெகாஹெர்ட்ஸ் அதனுடையது. செயற்கைக்கோள் செய்வதெல்லாம் மணிக்கணக்கில் கவனித்து அதன் காதை லேசாகத் திருகுவதுதான். ருபிடியம் என்றால் மட்டும் என்ன? அந்த அணு 6.8 கிகாஹெர்ட்ஸில் ‘சரி, தவறு’ என்று தலையாட்டும். ஓடுவது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ்தான். ஜிபிஎஸ் இருப்பதால் ஓவன் கிரிஸ்டல் வேண்டாம் என்பவர் தன் ஜிபிஎஸ் பெட்டியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவராக இருக்க வேண்டும்.

வானத்துச் சிக்னல் நின்றால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. ஒரே அலைவரிசையில் மாறிமாறிப் பேசிக் கேட்கும் டிடிடி வகை செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றும் பொது நேரத்தோடு 1.5 மைக்ரோநொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாளில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வயதாகி நகரும் ஓவன் கிரிஸ்டல் தனியே விடப்பட்டால் இந்த எல்லையைத் தொடச் சுமார் 14 மணி நேரம் ஆகும். அதைவிட ஐந்து மடங்கு மோசமானது என்றாலும் ஆறு மணி நேரம் தாங்கும். ஓவன் இல்லாமல் வெப்ப மாற்றத்தைச் சுற்றால் மட்டும் ஈடுகட்டும் சாதாரணக் கிரிஸ்டலான டிசிஎக்ஸ்ஓ, வெயில் ஏறும்போது பத்துக் கோடியில் ஒரு பங்கு நகர்ந்தாலே போதும், 150 நொடியில் கதை முடிந்தது. ஆன்டெனா கேபிளைக் குரங்கு கடித்தது, இடி விழுந்தது, மழைநீர் கனெக்டரில் இறங்கியது என்றால், ஆள் வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சேர ஆறு மணி நேரம் வேண்டுமா, இரண்டரை நிமிடம் போதுமா?

கேபிள் நன்றாக இருக்கும்போதும் வானம் பொய் சொன்னதுண்டு. 2016 ஜனவரி 26 அன்று, நாம் குடியரசு தின விடுமுறையில் இருந்தபோது, பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்யும் வேலையில் நடந்த தவறால் சில செயற்கைக்கோள்கள் 13 மைக்ரோநொடிக்கு மேல் பிழையான நேரத் திருத்தத்தை மணிக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தன. உலகெங்கும் தொலைத்தொடர்புக் கருவிகள் அலறின. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி தடுமாறியது. அன்று பிழைத்தவை, உள்ளே இருக்கும் குவார்ட்ஸை நம்பி, ‘திடீரென்று 13 மைக்ரோநொடி தாவல் நடக்காது’ என்று வானத்தை மறுத்த கருவிகள். 13 என்ற எண்ணைச் சந்தேகிக்க வேண்டுமானால் நம்பத்தக்க வேறொரு எண் கையில் இருக்க வேண்டும். கையில் ஓவன் கிரிஸ்டல் இல்லாதவன் அன்று எதை வைத்துச் சந்தேகிப்பான்?

வாரக் கணக்கு தீர்ந்துபோகும் கூத்து தனி. ஜிபிஎஸ் வாரத்தை 1,023 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 2017 ஜூலை இறுதியில் டிரிம்பிளின் தண்டர்போல்ட் என்ற புகழ்பெற்ற பெட்டி தேதியை 1997 டிசம்பருக்குக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் இருந்த ஓவன் கிரிஸ்டலின் 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும் துளி அசையவில்லை. மென்பொருளுக்குக் காலாவதித் தேதி உண்டு. கல்லுக்கு அப்படி ஒன்றை யாரும் குறித்துவைக்கவில்லை.

நம் நாட்டுக் கதையும் இதையே சொல்கிறது. 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ வழிகாட்டிச் செயற்கைக்கோளில் வெளிநாட்டு ருபிடியம் கடிகாரங்கள் மூன்று இருந்தன. மூன்றும் பழுதாகிவிட்டன என்ற செய்தி 2017 தொடக்கத்தில் வந்தது. செயற்கைக்கோள் மேலே நலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நேரம் மட்டும் செத்துப்போனது. மாற்றாக அனுப்பிய 1எச் அந்த ஆகஸ்டில் வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் சொந்தமாகச் செய்த ருபிடியம் கடிகாரம் 2023 மே 29 அன்று என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் ஏறியது. கடிகாரத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், செய்யவும் சரிபார்க்கவும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற எண்ணத்துக்கு நாடு கொடுத்த விலை இது. அதே எண்ணம்தான் கீழே ஆய்வக மேசையிலும் நடமாடுகிறது. மேலே பேசினால் தற்சார்பு, கீழே பேசினால் ‘புதுசு வாங்கு’.

அரக்கோணத்துக்காரனுக்கு இதில் ஒரு பழைய சாட்சியும் உண்டு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது, இந்த ஊர் வழியாகத்தான். பிற்பாடு இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வரும்வரை மெட்ராஸ் வானாய்வகம் குறித்த நேரம் தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்குப் போனது. தந்தி வருகிறதே என்று எந்த நிலைய மாஸ்டராவது சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டாரா? தந்தி ஒரு கணம் வந்து போகும். மிச்ச நேரமெல்லாம் ரயிலை அனுப்பியது சுவரில் தொங்கியதுதான். அதற்குச் சாவி கொடுத்து, தந்தி வந்ததும் முள்ளைத் திருத்தி, எண்ணெய் காய்ந்தால் துடைத்துப் போட ஓர் ஆள் இருந்தார். ஜிபிஎஸ் இன்றைய தந்தி. அவ்வளவே.

ஜிபிஎஸ்ஸை நான் ஒதுக்கவில்லை. சொல்லப்போனால், ஓவன் கிரிஸ்டலை அரக்கோணத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடிகிறதென்றால் அதற்குக் காரணமே ஜிபிஎஸ்தான். முன்பு டெல்லியிலிருந்து தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏடிஏ நிலையம் சிற்றலையில் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பியதை வைத்துத் திருத்துவார்கள். வளிமண்டலத்தின் மேலடுக்கு மேலும் கீழும் ஆடும்போது அந்தச் சிக்னலும் ஆடும், ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் நம்ப முடியாது. அல்லது கருவியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இன்று மொட்டைமாடியில் ஒரு சின்ன ஆன்டெனா போதும். பழுதுபார்ப்பவன் கைக்கு இப்படியொரு உரைகல் வந்துசேர்ந்த காலத்தில், அந்த உரைகல்லைக் காட்டியே தங்கத்தை எறியச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வாதம்: சீல் வைத்த பெட்டி. இதில்தான் அறியாமை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

ஓவன் கிரிஸ்டலுக்குள் உண்மையிலேயே திறக்கக் கூடாதது ஒன்றுதான்: வெற்றிடமாக்கி மூடிய குப்பிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் தகடு. அதில் காற்று கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், நானும் போட்டுவிடுவேன். ஆனால் ‘ஓவன் போச்சு’ என்று என் மேசைக்கு வருபவற்றில் அந்தக் குப்பி கெட்டுப்போனது அபூர்வம். கெடுவதெல்லாம் அதைச் சுற்றி இருக்கும் சில்லறைச் சாமான்கள். ஆண்டுக்கணக்காக 80 டிகிரியில் வெந்த கெப்பாசிட்டர் வற்றிப்போகும். சூடாகிச் சூடாகி ஆறிய சால்டர் மூட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். வெப்பக் காப்புக்கு அடைத்த ஃபோம் பொடியாகும், சிலவற்றில் பிசுபிசுத்துப் பக்கத்துக் கம்பிகளில் ஒட்டும். டிரிம்மர் கெப்பாசிட்டரின் தொடுமுனையில் அழுக்கேறித் திருகும்போது அதிர்வெண் குதிக்கும். 10811 வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழுது ஒன்றிருக்கிறது: ஓவன் எல்லை மீறிச் சூடானால் அறுந்து காப்பாற்ற வேண்டிய தெர்மல் ஃபியூஸ், எல்லை மீறாமலே முதுமையால் அறுந்துவிடும். ஹீட்டருக்கு மின்சாரம் நின்று, கல் குளிர்ந்து, அதிர்வெண் எங்கோ போய்விடும். பார்ப்பவர் கிரிஸ்டல் செத்தது என்று எழுதிக்கொடுத்துவிடுவார். செத்தது ஒரு ஃபியூஸ்! அதை மாற்றும்போது கவனம் மட்டும் வேண்டும். சாதாரணமாகச் சால்டர் வைத்தால் இரும்பின் சூட்டிலேயே புது ஃபியூஸும் அறுந்துபோகும். ஃபியூஸின் காலை மூக்கு பிளையரால் இறுக்கிப் பிடித்து, சூட்டை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, தொட்டதும் எடுத்துவிட வேண்டும்.

எது பழுது என்று கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், முதலில் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டத்தைப் பாருங்கள். 24 வோல்ட் கொடுத்ததும் அரை ஆம்பியர் அளவுக்கு இழுத்து, கால் மணி நேரத்துக்குள் 0.1 ஆம்பியருக்குப் பக்கத்தில் இறங்கி நின்றால் ஓவன் ஆரோக்கியமாக இருக்கிறது. இழுக்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ஹீட்டர் டிரான்சிஸ்டர், அல்லது அறுந்த மூட்டு. இறங்கவே இல்லை என்றால் உடனே அணையுங்கள். தெர்மிஸ்டர் அறுந்திருக்கும், ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்று சுற்றை ஏமாற்றி முழு வேகத்தில் சுடவைத்துக்கொண்டிருக்கும். ஏறி இறங்கி ஊசலாடினால் கட்டுப்பாட்டுச் சுற்றிலோ, தெர்மிஸ்டர் உலோகத்தை விட்டு விலகியதிலோ தேட வேண்டும். இதில் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. மே மாதத்தில் நிலையான மின்னோட்டம் ஜனவரியைவிடக் கால்வாசி குறைவாக இருக்கும். அறை 40 டிகிரி என்றால் ஓவனுக்கு வேலை குறைவு, அவ்வளவுதான். அதைப் பழுதென்று நினைத்துத் திருகத் தொடங்கினால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும்.

தெர்மிஸ்டரை மாற்றினால் வேலை அங்கே முடியாது. ஒவ்வொரு தகட்டின் திரும்புமுனையும் கொஞ்சம் வேறு. தொழிற்சாலையில் அந்தத் தகட்டுக்கென்றே ஒரு ரெசிஸ்டரைத் தேர்ந்து போட்டிருப்பார்கள். புதுத் தெர்மிஸ்டரோடு அந்தப் பொருத்தம் போய்விடும். அந்த ரெசிஸ்டரின் மதிப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் வெப்பம் நிலைக்கும்வரை காத்திருந்து அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டே போனால், ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த எண் ஓரிடத்தில் நின்று எதிர்ப்பக்கம் திரும்பும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னொரு விசித்திரமும் வரும்: எஸ்சி வெட்டுத் தகட்டுக்குச் சுமார் ஒன்பது சதவீதம் மேலே வேறோர் அதிர்வு உண்டு. அதை அடக்கும் காயிலோ கெப்பாசிட்டரோ தளர்ந்தால், 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டி 10.9 மெகாஹெர்ட்ஸில் பாட ஆரம்பிக்கும். கவுன்ட்டரில் இந்த எண்ணைப் பார்த்ததும் கிரிஸ்டல் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். உடைந்த கல் இவ்வளவு ஒழுங்காக ஒன்பது சதவீதம் தள்ளி அதிருமா என்று யோசிக்க வேண்டாமா?

பழுதில்லாத ஓவனையும் காலத்துக்குக் காலம் திருத்த வேண்டும். இங்கேதான் ‘கேலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறதே’ என்ற மயக்கம் குறுக்கே நிற்கிறது. சான்றிதழ் அன்றைய பிழையைச் சொல்லும், பிழையை நீக்காது. திருவான்மியூரில் உள்ள மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் சோதனை மையம் மாதிரி இடங்களுக்கு வருடாவருடம் அனுப்பி, சான்றிதழைக் கோப்பில் போட்டுவிட்டு, திருகைத் தொடாமலே விட்ட கருவிகள் ஏராளம். அந்தச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் உங்கள் கிரிஸ்டல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் வயதாகிறது என்பது அப்படியே தெரியும். யாரும் அடுக்கிப் பார்ப்பதில்லை.

திருத்தும் முறையில் மந்திரம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். அணைத்துவைத்திருந்த ஓவன் மறுபடி சூடானதும் பழைய இடத்துக்கே திரும்பாது, நாட்கணக்கில் ஊர்ந்துதான் வரும். ஆகவே முதலில் குறைந்தது சில நாட்கள் ஓடவிட வேண்டும். பெட்டி எந்தப் பக்கம் பார்த்து இருக்கப்போகிறதோ அதே நிலையில் வைத்துத் திருத்த வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் புவியீர்ப்பே தகட்டை வளைத்து நூறு கோடியில் சில பங்கு மாற்றிவிடும். பிறகு ஆசிலோஸ்கோப்பின் ட்ரிகரை ஜிபிஎஸ் வழி வந்த 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டு, நம் ஓவனின் அலையைத் திரையில் பாருங்கள். 100 நொடியில் அலை ஒரு முழுச் சுழற்சி நகர்ந்தால் பிழை நூறு கோடியில் ஒன்று. அது நகராமல் நிற்கும் அளவுக்கு, முதலில் டிரிம்மர் திருகு, பிறகு நுண் திருத்த மின்னழுத்தம். அந்த மின்னழுத்தத்தை நடுப்பகுதியில் விட்டுவைப்பது புத்திசாலித்தனம். ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பலர் ‘கிரிஸ்டல் தீர்ந்துவிட்டது’ என்கிறார்கள். டிரிம்மரைக் கால் சுற்று திருகினால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இடம் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் அணைக்காதீர்கள். மாலையில் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவது நம் ஆய்வகங்களில் சிக்கனமாகக் கருதப்படுகிறது. ஓவன் நிலையாக இழுப்பது ஏறக்குறைய இரண்டு வாட். வருடம் முழுக்க ஓடினாலும் 17, 18 யூனிட்தான். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது!

சரி, பழையதைச் சரிசெய்யலாம், ஆனால் புதியது இன்னும் நல்லதாயிற்றே என்பார்கள். குவார்ட்ஸ் விஷயத்தில் இது தலைகீழ். புதுத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மிக நுண்ணிய அழுக்கு விலகுவதும் படிவதும், பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் மெல்லத் தளர்வதும் அதிர்வெண்ணை நகர்த்திக்கொண்டே இருக்கும். முதல் வாரங்களில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. விடாமல் பல ஆண்டு ஓடிய கல் இந்தத் தள்ளாட்டத்தையெல்லாம் முடித்துவிட்டு அடங்கியிருக்கும். கருவிப் பெட்டிக்குள் வயதாக வயதாகத் தேறும் பொருள் இது ஒன்றே. பத்து ரூபாய் கெப்பாசிட்டருக்காக அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இனிமேல்தான் அடங்க வேண்டிய ஒன்றை விலைகொடுத்து வாங்குகிறோம்.

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கழற்றிய செல்போன் கோபுர ஓவன்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றை வாங்கிப் போட்டால் போயிற்று என்பதும் ஒரு வழி. நானும் வாங்குவேன், ஆனால் மாற்றாக அல்ல, உதிரிபாகத்துக்கு. போர்டை நெருப்பில் காட்டி உருவியெடுத்த கல்லின் முந்தைய வாழ்க்கை யாருக்குத் தெரியும்? சில கற்கள் மாதக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு ஒரு நாள் காரணமில்லாமல் குதிக்கும். உங்கள் ஆய்வகத்துப் பழைய ஓவனின் குணம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

ராடார், மைக்ரோவேவ் பக்கம் வந்தால் வாதம் இன்னும் கூர்மையாகும். 10 மெகாஹெர்ட்ஸை ஆயிரம் மடங்கு பெருக்கி 10 கிகாஹெர்ட்ஸ் ஆக்கும்போது கல்லின் சத்தமும் 60 டெசிபல், அதாவது பத்து லட்சம் மடங்கு ஏறும். வானத்திலிருந்து வரும் நொடித்துடிப்பால் இந்தச் சத்தத்தைக் குறைக்கவே முடியாது. அரக்கோணத்துக் கடற்படை விமானதளமான ஐஎன்எஸ் ராஜாளியின் ஓடுபாதையிலிருந்து கிளம்பி நம் தலைக்கு மேல் போகும் விமானங்களின் ராடாரானாலும் சரி, வேறெந்த ராடாரானாலும் சரி, மெதுவாக நகரும் பொருளை அலைகளின் நடுவே பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் அமைதியான ஒரு மூலக் கல் வேண்டும். ராடார் பாடம் நடத்தும் கல்லூரி அதே கையால் நல்ல ஓவனை ஏலத்துக்கு அனுப்புவதை என்னவென்று சொல்வது?

இனி மூன்றாவது வாதம். அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் இதற்கு ஒரு படிவமே உண்டு, ‘பிஇஆர்’: பழுதுபார்ப்பது கட்டுபடியாகாது. இதில் உண்மை இருக்கிறது என்றேன். நகத்தளவு சின்னதாக, ஓரமெல்லாம் வெல்ட் செய்து வரும் இன்றைய ஓவன்களை நானும் திறப்பதில்லை. மலிவான கவுன்ட்டரின் சாதாரணக் கிரிஸ்டலுக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பதும் முட்டாள்தனம். ஆனால் ஆய்வகத் தரத்துப் பெரிய ஓவனுக்குப் போடும் கணக்கில் ஒரு மோசடி நுழைந்துவிடுகிறது. வேலைக்கு மூன்று வாரம் என்று நான் சொன்னால், மூன்று வாரக் கூலியைப் பெருக்கிப் பார்த்து ‘கட்டுபடியாகாது’ என்கிறார்கள். அந்த மூன்று வாரத்தில் என் கை படுவது சில மணி நேரம். மிச்ச நாளெல்லாம் ஓவன் மேசையோரம் தானாக அடங்கிக்கொண்டிருக்கும், நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். தோசை மாவு புளிக்கும் இரவுக்கெல்லாம் யாரும் சமையல்காரருக்குக் கூலி போடுவதில்லை.

கட்டுபடியாகாமல் போவதற்கு உண்மையான காரணம் வேறு. ஹியூலட் பேக்கர்ட் 10811க்கு முழுச் சுற்றுப்படமும் உதிரிபாகப் பட்டியலும் கொண்ட பழுதுபார்ப்புக் கையேட்டை அச்சிட்டுக் கொடுத்தது. இன்று புது ஓவன் வாங்கினால் பெரும்பாலும் சில பக்கத் தரவுத்தாளோடு சரி. சுற்று தெரியாமல் தேடும் நேரம்தான் கூலியை ஏற்றுகிறது. ‘திறக்க முடியாது’ என்பது பொருளின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி, விற்பவர் எடுத்த முடிவு. மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தைத் திறந்தது. செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம், விவசாயக் கருவி எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தன. ஆய்வகக் கருவிகளுக்கு ஒரு வரிசை கிடைக்கவில்லை. கல்லூரிகளும் அரசுத் துறைகளும் டெண்டரில் ‘சுற்றுப்படம் தராத கருவி வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் விற்பவர் தானாக வழிக்கு வருவார். வாங்கும் கையில்தான் அந்த அதிகாரம் இருக்கிறது, பழுதுபார்ப்பவன் கையில் இல்லை.

அதுவரை கண்டம் செய்யும் குழுக்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓவன் கிரிஸ்டல் உள்ள எந்தக் கருவிக்கும் ‘கட்டுபடியாகாது’ என்று எழுதுவதற்கு முன் மூன்று எண்கள் படிவத்தில் இருக்கட்டும்: சுவிட்சைப் போட்டதும் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம், கால் மணி நேரம் கழித்து இழுக்கும் மின்னோட்டம், நுண் திருத்த மின்னழுத்தம் நிற்கும் இடம். இந்த மூன்றும் இல்லாத படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. எடுப்பதற்கு ஒரு மல்டிமீட்டரும், குழு தேநீர் குடிக்கும் நேரமும் போதும்.